காலி செய்துவிட்டுப் போனவரிடம் வாடகைப் பாக்கியை வாங்குவது எப்படி? தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மா பெயரில் குரோம்பேட்டையில் ஒரு வீடு. மாடிப் பகுதியை மாதம் 14,000 ரூபாய்க்கு விட்டிருந்தோம். அட்வான்ஸ் 70,000. கடைசி ஒன்பது மாதம் வாடகை வரவில்லை. "அடுத்த மாசம் சேத்துத் தந்துடறேன்" என்று அவர் சொல்ல, நாங்கள் நம்ப, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சமையலறைத் தொட்டி உடைந்திருந்தது. குளியலறைக் கதவு பெயர்ந்திருந்தது. கரண்ட் பில்லும் கட்டவில்லை.

அந்தப் பணத்தை வாங்கி முடிக்க நான்கரை வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக்கு மேல் எங்கள் தயக்கத்திலும் அறியாமையிலும் போன காலம். நீங்கள் அப்படித் தவிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வழக்கின் நுணுக்கத்தை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆள் வீட்டில் இருக்கும்போதே காலி செய்ய வைப்பது வேறு நடைமுறை. இது வீட்டை விட்டுப் போனவரைப் பற்றியது மட்டும்.

1. சாவி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை

வீட்டைத் திறந்ததும் துடைக்கவோ ரிப்பேர் செய்யவோ ஆரம்பிக்காதீர்கள். முதலில் போட்டோவும் வீடியோவும் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் வாசலில் இருந்து ஒன்று, சேதத்தைக் கிட்டத்தில் ஒன்று. அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எடுங்கள். பிறகு சாட்சி தேவைப்பட்டால் அவர் சொல்லலாம்.

மின் மீட்டரின் அளவை அன்றே படம் எடுத்துவிடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால், அவர் போன நாளுக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் நடுவில் ஓடிய யூனிட் யாருடையது என்ற சண்டை கண்டிப்பாக வரும். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் மின்வாரியம் உங்களைத்தான் கேட்கும். பில்லை நீங்கள் கட்டிவிட்டு, ரசீதை வைத்து அவரிடம் கேளுங்கள்.

ரிப்பேர் செலவுக்கு முதலில் எழுத்தில் எஸ்டிமேட், வேலை முடிந்ததும் பில். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுங்கள். நாங்கள் தச்சருக்கு ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கவே முடியவில்லை.

சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்தைக் கேட்க முடியாது. மங்கிய பெயின்ட், தளர்ந்த குழாய், சுவரில் இரண்டு ஆணி ஓட்டை எல்லாம் அதில் சேரும். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது வேறு விஷயம்.

அவர் சாமான் ஏதாவது விட்டுப் போயிருந்தால் பட்டியல் எடுத்து ஓரமாகப் பத்திரப்படுத்துங்கள். பாக்கிக்கு ஈடாக வைத்துக்கொள்ளவோ விற்கவோ வேண்டாம். "இந்தத் தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

2. கணக்கு எழுதி, அட்வான்ஸைக் கழியுங்கள்

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். மீதி எதுவும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மாதத்துக்குள் கணக்கை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அனுப்பாமல் விட்டால் "என் அட்வான்ஸையே தரவில்லை" என்று அவர் உங்கள் மேல் திரும்புவார்.

எங்கள் கணக்கு இது. ஒன்பது மாத வாடகை 1,26,000. மின்கட்டணம் 4,600. பில் இருந்த ரிப்பேர் 31,300. மொத்தம் 1,61,900. அட்வான்ஸ் 70,000 போக 91,900.

அட்வான்ஸை எந்த மாத வாடகைக்குக் கழிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மிகப் பழைய மாதங்களுக்கு முதலில் கழியுங்கள். ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

3. மூன்று வருடக் கெடு, ஒவ்வொரு மாதத்துக்கும் தனியாக

இதுதான் எங்களைக் கிட்டத்தட்டக் கவிழ்த்த விஷயம். நிதானமாகப் படியுங்கள்.

வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தருவது மூன்று வருடம். அவர் காலி செய்த நாளிலிருந்து மூன்று வருடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு மாத வாடகையும் எந்தத் தேதியில் தர வேண்டியதோ அந்தத் தேதியிலிருந்து அதற்கு மட்டும் மூன்று வருடம். ஜூன் வாடகையின் கெடு முடிந்தாலும் ஜூலை வாடகையின் கெடு இன்னும் ஒரு மாதம் ஓடும். சேதத்துக்கான இழப்பீட்டுக்கும் மூன்று வருடம்தான்.

நாங்கள் வழக்குப் போட்டது அவர் காலி செய்து இரண்டு வருடம் ஐந்து மாதம் கழித்து. அதற்குள் முதல் சில மாத வாடகை கெடுவைத் தாண்டிவிட்டது. வக்கீல் 70,000 அட்வான்ஸை முதல் ஐந்து மாத வாடகைக்குக் கழித்துவிட்டு, மீதி நான்கு மாதத்தை மட்டும் வழக்கில் கேட்டார். அப்படித்தான் தப்பித்தோம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகையாக இருந்திருந்தால் பணம் போயிருக்கும்.

கெடு புதிதாகத் தொடங்க ஒரு வழி உண்டு. கெடு முடிவதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். போனில் "தரேன் சார்" என்றால் பயனில்லை. கெடு முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதலாலும் பழைய கெடு உயிர் பெறாது. நீங்கள் அனுப்பும் நோட்டீஸும் கெடுவை நிறுத்தாது. நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

4. ஆவணங்கள்

ஒரு ஃபைல் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தத்தின் அசல், வீடு உங்களுடையது என்பதற்கு வீட்டுவரி ரசீது அல்லது பத்திர நகல், வாடகை வந்த மாதங்களும் வராத மாதங்களும் தெரியும்படி வங்கி முத்திரையுடன் ஸ்டேட்மென்ட், கரண்ட் பில்கள், ரிப்பேர் பில்கள், போட்டோக்கள், அவர் கொடுத்த ஆதார், பான் நகல்கள், காவல் நிலையத்துக்குக் கொடுத்த வாடகைதாரர் விவரப் படிவம்.

ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது முத்திரைத் தீர்வை, அதாவது ஸ்டாம்ப் டூட்டி. பலரும் பதினோரு மாத ஒப்பந்தத்தை 20 ரூபாய்ப் பத்திரத்தாளில் அடித்து வைத்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான். ஆனால் அதற்குரிய தீர்வை வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம். தீர்வை குறைந்த பத்திரத்தை நீதிமன்றம் அப்படியே சாட்சியமாக ஏற்காது. குறைந்த தொகையோடு அதன் 10 மடங்கு அபராதமும் கட்டச் சொல்லும். எங்கள் பத்திரத்துக்கு அது 24,000 ரூபாயைத் தாண்டியது, 91,900 ரூபாய் கேட்கும் வழக்கில்! பத்திரத்தை முத்திரைச் சட்டப்படி கலெக்டருக்கு அனுப்பச் சொன்னால், அபராதத்தைக் குறைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. எங்கள் வக்கீல் அந்த வழியில் போனார். செலவு குறைந்தது, ஆனால் மூன்று மாதம் அதற்கே போனது. வழக்குத் தொடங்கும் முன்பே இதை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பதிவு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். போன ஆளுக்கு இனிப் பதிவு செய்ய முடியாது. அடுத்து வருகிறவருக்கு மறக்காமல் செய்யுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல் மிகப் பெரிய ஆதாரம். "இந்த மாசமும் முடியல, மொத்தமா தந்துடறேன்" என்று அவர் அனுப்பிய வரி ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களை நீதிமன்ற வராந்தாவிலேயே பார்த்தேன்.

அப்புறம், வழக்கு யார் பெயரில்? ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்று யார் கையெழுத்திட்டாரோ அவர் பெயரில். எங்கள் ஒப்பந்தத்தில் அம்மா பெயர். வாடகை வந்ததோ என் கணக்குக்கு. அதை விளக்கி எழுத வேண்டியிருந்தது. அம்மாவால் அலைய முடியாததால் எனக்குப் பவர் (தன் சார்பில் நடத்தும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து நான் நடத்தினேன். பவர் வைத்திருப்பவர் தனக்கு நேரில் தெரிந்ததைத்தான் சாட்சியாகச் சொல்ல முடியும். பேச்சுவார்த்தை எல்லாம் நான் நடத்தியதால் சிக்கல் வரவில்லை.

5. முகவரி

ஆளின் முகவரி தெரியாமல் எதுவும் நகராது. எங்கள் முதல் நோட்டீஸ் அவர் சொந்த ஊர் முகவரிக்குப் போய், "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது. அதிலேயே ஐந்து மாதம் போனது.

குறைந்தது இரண்டு முகவரி வேண்டும்: ஆதாரில் இருக்கும் ஊர் முகவரி, இப்போது வேலை பார்க்கும் இடம். வேலை செய்யும் இடம் தெரிந்தால் அதுதான் தங்கம். கடைசியில் பணம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். சாமான் ஏற்றிப்போன வண்டிக்காரர், ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் என எல்லோரிடமும் மரியாதையாகக் கேளுங்கள். அவர் வங்கிக் கணக்கு எண் உங்களுக்கு வந்த பழைய வாடகைப் பரிவர்த்தனைகளிலேயே இருக்கும். அதையும் குறித்து வையுங்கள்.

6. நேரில் பேசி, எழுதி வாங்குங்கள்

வழக்கை விட இது நல்ல வழி என்று இப்போதும் நினைக்கிறேன். தவணையில் தருகிறேன் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில். மொத்தப் பாக்கி எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு தருவார் என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். புரோநோட்டாகவே (இவ்வளவு பணம் தருகிறேன் என்று உறுதி தரும் கடன் பத்திரம்) எழுதி வாங்கினால் இன்னும் பலம். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டைப் பிறகு அபராதம் கட்டியும் செல்லுபடியாக்க முடியாது. அந்த நேரத்திலேயே ஒட்டிவிட வேண்டும்.

பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், கோபத்தோடும் போகாதீர்கள். அவர் அலுவலகத்தில் போய்ச் சத்தம் போடுவது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போடுவது, நாலு பேரை அனுப்பி மிரட்டுவது எல்லாம் உங்கள் மேலேயே கிரிமினல் புகாராகத் திரும்பும். காவல் நிலையத்திலும் வாடகைப் பாக்கிக்கு வழக்குப் பதிய மாட்டார்கள். சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள். மின்விசிறி, மோட்டார், கீசர் என்று வீட்டுப் பொருளைக் கழற்றி எடுத்துப் போயிருந்தால் அதற்கு மட்டும் திருட்டுப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்கி வையுங்கள்.

7. வக்கீல் நோட்டீஸ்

எங்களுக்கு ஆன செலவு 1,500 ரூபாய். நோட்டீஸில் மாதவாரியாகப் பாக்கி, மின்கட்டணம், ரிப்பேர் என்று தனித்தனியாகத் தொகை இருக்க வேண்டும். அட்வான்ஸ் எதற்குக் கழிக்கப்பட்டது, எத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு வட்டி என்பதும் வேண்டும். ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் இல்லாவிட்டால், நோட்டீஸில் கேட்பதுதான் பிறகு வட்டி கேட்க அடிப்படை ஆகும்.

பதிவுத் தபால் என்ற தனிச்சேவை 2025இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். தெரிந்த எல்லா முகவரிக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போகட்டும். வாங்க மறுத்துத் திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பி அவர் மறுத்திருந்தால், அது அவருக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

8. உங்களிடம் அவர் கொடுத்த காசோலை இருக்கிறதா?

இருந்தால் இது வேறு பாதை, கொஞ்சம் வேகமான பாதை. ஆனால் கெடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி.

காசோலையில் இருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணம் இல்லை என்றோ, கணக்கு மூடப்பட்டது என்றோ திரும்பினால், அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் வங்கிக் கிளை இருக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே போடலாம் என்பது பெரிய வசதி.

இதில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. வீடு விடும்போது வாங்கி வைத்த வெற்றுக் காசோலையில் கோபத்தில் கூடுதலாக ஒரு தொகையை எழுதிப் போடுவார்கள். அவர் உண்மையில் தர வேண்டிய தொகையை விடக் காசோலைத் தொகை அதிகமாக இருந்தால் வழக்கு நிற்காது. அட்வான்ஸைக் கழித்த பிறகு வரும் தொகை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். நோட்டீஸிலும் அதே தொகையைக் கேளுங்கள்.

9. லோக் அதாலத்

லோக் அதாலத் என்பது இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடாமலேயே, உங்கள் தாலுகா அல்லது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கலாம். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். கட்டணம் கிடையாது. வெள்ளைத்தாளில் விவரம் எழுதி, ஆவண நகல் இணைத்தால் போதும். எதிர்த் தரப்புக்கு அவர்கள் அழைப்பு அனுப்புவார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் எழுதப்படும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் (தீர்ப்பின்படி யார் என்ன தர வேண்டும் என்று நீதிமன்றம் எழுதும் ஆணை) சமம், மேல்முறையீடும் கிடையாது. அவர் வராவிட்டால் மனு முடிந்துவிடும், அவ்வளவுதான். இது நடந்துகொண்டிருக்கும் நாட்களிலும் மூன்று வருடக் கெடுவை மனதில் வைத்திருங்கள்.

அதே அலுவலகத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: இலவச வக்கீல். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு. வாதி என் அம்மா. அவருக்கு இந்த உரிமை இருந்தது என்பதே வழக்கு முடியும் நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உதவி எண் 15100.

பாக்கி 25,000, 30,000 ரூபாய் அளவில்தான் என்றால் இந்த வழியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் அலைச்சலே அந்தத் தொகையைத் தின்றுவிடும்.

10. சிவில் வழக்கு

முதலில் எந்த நீதிமன்றம் என்பது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை நீதிமன்றங்களை ஏற்படுத்தியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் விஷயங்களில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று அதன் 40ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தையும், நீங்கள் என்னென்ன தொகை கேட்கிறீர்கள் என்பதையும் காட்டி, முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் கேளுங்கள். எங்களுக்கு ஆள் ஏற்கெனவே காலி செய்துவிட்டதாலும், கேட்டது பணம் மட்டும் என்பதாலும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் பணவசூல் வழக்காகப் போட்டோம். 10 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் அங்கே போகும். அவர் வேறு ஊருக்குப் போயிருந்தாலும், வீடு இருக்கும் ஊரில் வழக்குப் போடலாம்.

செலவைச் சொல்கிறேன். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017க்கு முன்னால் இது 7.5 சதவீதமாக இருந்தது. எங்களுக்கு 2,757 ரூபாய். வக்கீல் கட்டணம் 18,000, இரண்டு தவணையில். டைப்பிங், பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் தொகை), நகல் என்று சில்லறையாக 1,500. நடுவில் சமரசம் ஆகி வழக்கு முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரண்டு தரப்பும் வெளியில் தாங்களாகவே பேசி முடித்தாலும் அது உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. யாரும் தாமாக எடுத்துத் தர மாட்டார்கள், நீங்கள் மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

வழக்கு எண் ஆனதும் சம்மன் போகும். இங்கேதான் மாதங்கள் கரையும். பேட்டா கட்டியாகிவிட்டதா, ஆமீன் (சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்ற ஊழியர்) போனாரா, என்ன எழுதித் திருப்பினார் என்று வக்கீலின் குமாஸ்தாவிடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டால் அடுத்த தேதி தெரியும். ஆள் சம்மனைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால், நீதிமன்ற அனுமதியோடு பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம்.

சம்மன் கிடைத்த பிறகு எதிருரை (வழக்குக்கு அவர் எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய அவருக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் வரை. எங்கள் ஆள் வரவே இல்லை. அம்மாவின் சார்பில் நான் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து, ஆவணங்களைச் சாட்சியமாக எண்ணிட்டுக் குறியீடு செய்து, வழக்குப் போட்ட பதினான்காவது மாதத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதாவது எதிர்த் தரப்பு வராமலேயே தரப்படும் தீர்ப்பு, வந்தது. நாங்கள் 12 சதவீத வட்டி கேட்டோம், 6 சதவீதம் கிடைத்தது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்ததும் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். 30 நாளுக்குள் அவர் அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம். சம்மனே முறையாக வரவில்லை என்றால், அவருக்குத் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். அதனால்தான் சம்மன் சரியான முகவரியில் சேர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

11. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. அதற்கு நிறைவேற்று மனு என்று தனியாகப் போட வேண்டும், நீதிமன்றத்தில் இ.பி. என்பார்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள். ஆள் வேறு ஊரில் இருந்தால் தீர்ப்பாணையை அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றி அங்கே நிறைவேற்றலாம்.

எதை முடக்கக் கேட்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீதிமன்றம் தேடிக் கண்டுபிடித்துத் தராது. வங்கிக் கணக்கு, வண்டி, நிலம், சம்பளம் என்று எது தெரியுமோ அதைக் கேட்கலாம். சம்பளக்காரர் என்றால் சம்பளம்தான் சுலபம். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மற்ற ஒரு பங்கைப் பிடிக்கலாம். 40,000 சம்பளம் என்றால் மாதம் 13,000 வரை. ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. தனியார் நிறுவன ஊழியருக்கும் இது பொருந்தும்.

எங்கள் இ.பி.யில் அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு நீதிமன்ற உத்தரவு போனது. இத்தனை வருடம் போனையே எடுக்காதவர் அந்த வாரமே அழைத்தார். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மூன்று தவணையில் முழுத்தொகையையும் வாங்கினோம். இ.பி. போட்டதிலிருந்து எட்டு மாதம்.

நீங்களும் இந்தக் கட்டத்தில் வெளியில் பேசி முடித்தால், பணம் முழுதும் கணக்கில் ஏறிய பிறகே இ.பி.யை முடிக்கச் சம்மதியுங்கள். முதல் தவணை வந்ததும் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்பார்கள், வேண்டாம். ஒவ்வொரு தவணையையும் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டே போங்கள். ரொக்கமாக வாங்காதீர்கள்.

இப்போதைக்கு அவரிடம் முடக்க எதுவும் இல்லை என்று தெரிந்தால் இ.பி.யை அவசரமாகப் போட வேண்டியதில்லை. தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் இருக்கிறது. சான்றிட்ட நகலை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்துவிட்டு, தெரிந்த அன்றே வக்கீலுக்குச் சொல்லுங்கள்.